மெட்டா பிக்சல் ஹெல்பர்: உலாவிக்குள் நம்பகமானது, அதற்கு அப்பால் அல்ல

இணையதளத்தில் பதித்த விளம்பரப் பிக்சல் (வருகையாளரின் செயல்களை மெட்டாவுக்குத் தெரிவிக்கும் சிறு நிரல்) உண்மையில் இயங்குகிறதா என்று அறிய, குரோம் உலாவியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய இந்த நீட்சியைத்தான் நான் முதலில் திறக்கிறேன். பக்கத்தில் எந்தெந்த நிகழ்வுகள் (பக்கத்தைப் பார்ப்பது, பொருளை வாங்குவது போன்றவை) பதிவாகின்றன, ‘பர்ச்சேஸ்’ நிகழ்வுடன் தொகையும் நாணயக் குறியீடும் சேர்ந்து செல்கின்றனவா என்பதை அது விரித்துக் காட்டுகிறது. ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றும்போது அதே நிகழ்வு மீண்டும் பதிவானால், விற்பனைக் கணக்கு ஊதிப் பெருகுவதன் காரணம் அங்கேயே பிடிபட்டுவிடும். விளம்பரத் தடுப்பானை அணைக்காமல் சோதித்தால் (பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்) நிரல் சரியாக இருந்தும் பழுதானதுபோலவே தோன்றும். கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ என்ற மெட்டாவின் இணைப்பு வழியாக, உலாவியைத் தொடாமல் சர்வரிலிருந்தே செல்லும் நிகழ்வுகளோ இதற்குப் புலப்படுவதில்லை. அவற்றைச் சரிபார்க்க மெட்டாவின் நிகழ்வு மேலாண்மைக் கருவியான ஈவென்ட்ஸ் மேனேஜரின் சோதனைப் பகுதிக்குத்தான் செல்லவேண்டும்.