முதல் நாவலும் அல்சூர் எடிட்டரும்

முதல் நாவல் எழுதி முடித்தவர்கள் இப்போது அடிக்கடி என்னிடம் கேட்பது, காசு கொடுத்து எடிட்டரிடம் போகலாமா என்பதுதான். போகலாம். நான் போனேன், நாவல் தேறியது. அதைவிட முக்கியமாக, என் எழுத்தை நானே படித்துப் பார்க்கிற விதம் மாறியது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் போனவர் பெங்களூரு அல்சூரில் இருக்கிறார். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, மகள் குடும்பத்தோடு இங்கே வந்தவர். தெரிந்தவர் சொல்லி வருகிற வேலையை மட்டுமே எடுக்கிறார். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வந்துபோகிற நண்பர் ஒருவர்தான் எனக்கு அவரைச் சொன்னார்.

என் நாவல் கோலார் தங்க வயலைப் பற்றியது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் பேச்சில் லைன் வீட்டில், பிறந்த ஒருவன், சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறான். அவனும் அவன் அப்பாவும்தான் கதை. கைப்பிரதி சுமார் 70,000 சொல் இருந்தது. சொல்லுக்கு 60 பைசா என்று பேசி, 42,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி கடைசி ஃபைல் கைக்கு வந்த பிறகு. சின்னத் தொகை இல்லை என்று எனக்கும் தெரியும்.

முழுக் கைப்பிரதியையும் அவர் உடனே வாங்கிக்கொள்வதில்லை. முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் தனியாக ஒரு சிறு தொகைக்குப் படித்து, குறிப்பு எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து நமக்குப் பிடித்தால் மேலே போகலாம், இல்லையென்றால் அதோடு சரி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வருஷக்கணக்கில் எழுதியதைக் கொடுக்கிறோம், அவருக்கு நம் கதை புரிகிறதா என்று பார்க்க வேண்டாமா?

அப்புறம் முழு நாவலையும் படித்துவிட்டு ஓர் அறிக்கை தருவார். அந்தக் கட்டத்தில் ஒரு வரியைக்கூடத் தொடமாட்டார். ஒற்றுப்பிழைகளையாவது திருத்திவிடலாமே என்று கேட்டேன். "இடிக்கப்போற சுவருக்கு எதுக்குப் பெயின்ட், தம்பி?" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் குறிப்பைப் பார்த்து நான் தூக்கிய பக்கங்களிலும் ஏராளமான ஒற்றுப்பிழைகள் இருந்தன.

அறிக்கையில் முதல் விஷயமே என் முதல் அத்தியாயம்தான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது, 1956இல் சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன, 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள் என்று வரிசையாக எழுதி, அதற்குப் பிறகே கதைக்குள் போயிருந்தேன். எங்கள் ஊர்க் கதை வெளியே யாருக்கும் தெரியாதே என்கிற ஆதங்கம்தான். அவர் ஓரத்தில் எழுதியது ஒரே கேள்வி: "இதெல்லாம் இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?" வெட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பாதி வெட்ட வேண்டியிருந்தது, மீதி பாட்டியிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது நாவலில் பாட்டி சொல்கிறாள்: "சுரங்கத்துக்கு ஆயிரத்து தொள்ளாயிரத்து ரெண்டுலயே கரண்டு வந்துடுச்சி. நம்ம லைனுக்கு எப்ப வந்துச்சின்னு உங்கப்பன கேளு." ஒரு பக்க வரலாறு செய்யாததை அந்த இரண்டு வரி செய்கிறது.

சுரங்கம் மூடிய நாளன்று அப்பா வீடு திரும்புகிற காட்சியை நான் இப்படி எழுதியிருந்தேன்: "கடைசி ஷிப்டு முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். சொல்ல முடியாத வெறுமை அவரை ஆட்கொண்டது. காலம் ஒரு கணம் உறைந்து நின்றது." பக்கத்தில் இரண்டு கமெண்ட். "அப்பா கையில் என்ன இருந்தது?" "அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?" அவ்வளவுதான்.

யோசித்தபோது சோற்றுத் தூக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஷிப்டுக்குப் போகிறவர் கையில் அது இல்லாமல் இருக்காது. திருப்பி எழுதினேன்: "அப்பா தூக்கைத் திண்ணையில் வைத்தார். அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். கனமாக இருந்தது. மூடியைத் திறக்காமலே உள்ளே கொண்டுபோனாள்." அவர் அதில் ஒன்றே ஒன்றைத் திருத்தினார். "எடுத்துப் பார்த்தாள்" என்பதை "எடுத்தாள்" என்று ஆக்கினார். கையில் எடுத்ததுமே கனம் தெரிந்துவிடுமே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த ஒரு சொல் போனதும் காட்சி எப்படி இறுகிவிட்டது என்பதை நான் இன்னும் எடுத்து எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

நல்ல எடிட்டர் என்று இவரை நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் நமக்காக எழுதுவதில்லை. நாம் எழுதாமல் தாண்டிப்போன இடத்தில் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கிறார், பதிலை நாம்தான் எழுத வேண்டும். இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். "வெறுமை", "ஏக்கம்" என்று கை எழுதப்போகும்போதே, இவன் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு அதுவே போதும்.

விவரங்களிலும் ஆள் கெட்டி. 2008இல் நடக்கிற ஓர் அத்தியாயத்தில் கதாநாயகன் பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறுகிறான். பெங்களூரில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததே 2011 அக்டோபரில்தான். எந்தப் பாத்திரம் எந்த வருஷம் பிறந்தது, எந்த அத்தியாயத்தில் என்ன வயது என்று தனியாக ஒரு தாள் போட்டுவைத்திருந்தார். ஊர்ப் பெயர்களுக்கு இன்னொரு தாள். மாரிக்குப்பம், மாரிகுப்பம் என்று இரண்டு விதமாக வந்திருந்ததெல்லாம் அதில் சிக்கியது.

எங்களுக்குள் முட்டிக்கொண்டது ஓர் இடத்தில். அவர் மதுரைப் பக்கம். எங்கள் ஊர்த் தமிழ் வட ஆற்காட்டிலிருந்து வந்து, கன்னடமும் தெலுங்கும் கலந்து ஊறியது. "வந்துக்கினு", "இன்னாடா" என்று இருந்த பேச்சையெல்லாம், பிறகு வரி வரியாகத் திருத்தும்போது, முதல் மூன்று அத்தியாயங்களில் பொதுப் பேச்சுத் தமிழாக மாற்றிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அத்தை பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். அதோடு விடாமல், ஒரே ஆள் பத்தாம் பக்கத்தில் "வந்துக்கினு" என்றும் நாற்பதாம் பக்கத்தில் "வந்துட்டு" என்றும் பேசுவதைத் தேடிப்பிடித்து, எந்தப் பாத்திரம் எப்படிப் பேசும் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார். எடிட்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. நம் பக்கம் காரணம் இருந்தால் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறாரா என்பதுதான் முக்கியம். இவர் கேட்டுக்கொள்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு வேலை வராது. எனக்கு நன்றாகவே தள்ளிப்போனது, நடுவில் நாமாகக் கேட்டால் ஒழிய தகவலும் கிடையாது. வல்லினம் மிகும் இடங்களில் ரொம்பக் கறார், உரையாடலிலும் ஒற்றுப் போட்டுவிடுகிறார். பேச்சில் யார் "அதைச் செய்" என்று அழுத்திச் சொல்கிறார்கள்? அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாக நிராகரிக்க வேண்டியிருந்தது. பதிப்பகம் பிடித்துத் தருவது, சிபாரிசு செய்வது எதிலும் தலையிடமாட்டார்; அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இதெல்லாம் பதிப்பகமே செய்ய வேண்டியதில்லையா என்று கேட்கலாம். செய்ய வேண்டியதுதான். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் போல எடிட்டிங்கை உயிராக நினைத்தவர்கள் தமிழில் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்கிற அவசரத்தில், பல கைப்பிரதிகள் நேராக லேஅவுட்டுக்குப் போய்விடுகின்றன. நான் முதலில் அணுகிய ஒரு பதிப்பாளர் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அட்டைப்படத்தை அனுப்பிவைத்தார். எனக்கு அது பெரிய வருத்தம். இத்தனை வருஷம் எழுதியதை, அச்சுக்குப் போகும் முன் ஒருவராவது முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்றுதான் அல்சூருக்குப் போனேன்.

எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு இவர் தேவையில்லை, மெய்ப்புப் பார்ப்பவர்கள் இதைவிடக் குறைந்த பணத்துக்குச் செய்வார்கள். கதை சரியாக உட்காரவில்லை, எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை என்கிறவர்கள் போகலாம். கவிதைத் தொகுப்பு எடுப்பதில்லை.

போகிறவர்கள் யூனிகோடில், ஒரே வேர்ட் ஃபைலாக, பக்க எண் போட்டுக் கொடுங்கள். பழைய ஃபான்டில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன மாறுகிறது என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்வார், அதை முன்பே தயார் செய்துகொண்டால் நல்லது. நவம்பர், டிசம்பரில் புது வேலை எடுக்கமாட்டார். அடுத்த புத்தகக் காட்சிக்கு நாவல் வர வேண்டும் என்றால் முதல் மூன்று அத்தியாயங்களைச் சித்திரைக்குள் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.