ஒரே இடத்தில் இருப்பதா, மாறிக்கொண்டே போவதா?

"நாங்கள் சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெற்றோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கால் தரிப்பதில்லை" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது பாதிதான் உண்மை. 1957 முதல் 1964 வரை பிறந்தவர்களை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. 18 வயதிலிருந்து 56 வயதுக்குள் அவர்கள் பார்த்த வேலைகள் சராசரியாக 12.7. அதில் கிட்டத்தட்டப் பாதி 25 வயதுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே 25–34 வயதினர் அப்போதைய நிறுவனத்தில் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 1983-இல் 3 ஆண்டு, 2024-இல் 2.7. பெரிய வித்தியாசமே இல்லை. இறங்கியிருப்பது 55–64 வயதினருடையது: 12.2-இலிருந்து 9.6. ஆக, இளையவர்கள் அன்றும் மாறினார்கள், இன்றும் மாறுகிறார்கள். அன்று ஒரு குறிப்பிட்ட வயதுக்குமேல் நிலைத்துவிட்டார்கள், இன்று அது குறைந்திருக்கிறது.

இதற்கு மனப்போக்கை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. பழைய பென்ஷன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 1.5 சதவீதம் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் பத்தாம் ஆண்டில் 100, இருபதாம் ஆண்டில் 200, முப்பதாம் ஆண்டில் 300. முப்பது வருடமும் ஒரே இடத்தில் இருந்தவருக்கு 300-இல் 45 சதவீதம், அதாவது 135. அதே சம்பளத்தில் மூன்று நிறுவனங்களில் பத்துப் பத்து வருடம் இருந்தவருக்கு 15, 30, 45 சேர்த்து 90தான். அதே உழைப்பு, மாறியதற்காக மூன்றில் ஒரு பங்கு போயிற்று! அப்படியிருக்க யார் மாறுவார்? பணம் தனிக் கணக்கில் சேரும் இன்றைய முறையில் இந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஆனால் சந்தை சரிந்தால் அடி விழுவது ஊழியருக்கு. பெரியவர்களின் பொறுமையும் இளையவர்களின் துணிச்சலும் கொஞ்சம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

ஒரே இடத்தில் இருப்பதன் பாதுகாப்பும் எல்லோருக்கும் கிடைத்ததல்ல. ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் படிப்பு முடித்த கையோடு ஆளெடுத்துக் கடைசிவரை வைத்துக்கொண்டன. 1990-களில் பொருளாதாரம் தேங்கி அந்த வாசல் அடைபட்டபோது வெளியே நின்றவர்களில் பலர் நடுவயது வரை தற்காலிக வேலைகளிலேயே இருந்தார்கள். இதுதான் உண்மையான தலைமுறை வேறுபாடு என்பேன்: எந்த வருடம் படித்து முடித்தோம் என்பது நம் கையில் இல்லை.

சரி, இன்று மாற நினைப்பவர் என்ன செய்யலாம்? அதே துறையில் நிறுவனம் மட்டும் மாறுவது எளிது. அனுபவம் அப்படியே கூட வரும். துறையையே மாற்றுவதுதான் கடினம். பதினைந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவர் மென்பொருள் எழுதப் போனால் இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அவரே கணக்கு மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்குப் போனால் கதை வேறு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது எது எங்கே இடிக்கும், எந்தப் பதிவை ஆடிட்டர் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்த வரிசையில் மற்றவர்களுக்குத் தெரியாது. வேலையை மாற்றினார், துறை அறிவை விடவில்லை. வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

வேலை, துறை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியே தீர வேண்டியவர்களும் இருக்கிறார்கள். உடல் ஒத்துழைக்காதவர்கள், தொழிலே மறைந்துபோனவர்கள். அவர்கள் சம்பளம் இறங்கும் காலத்துக்கான சேமிப்பை முதலில் ஒதுக்கட்டும். படிப்புச் செலவை அப்புறம் பார்க்கலாம். சான்றிதழ் வாங்கிய மறுநாளே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு இறங்க வேண்டாம்.