ராட்டை வகுப்புக்குப் போகிறவர்கள் பஞ்சுப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே நூல் நூற்கக் கற்றுத்தருகிறேன், ராட்டையும் பஞ்சும் சேர்த்தே தருகிறேன் என்று திருகோணமலையில் வார இறுதி வகுப்பு நடத்தும் ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயரை எழுதப்போவதில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும். நாளை இன்னொருவர் கடை விரித்தாலும் இப்படித்தான் விரிப்பார்.

நான் கொடுத்தது 18,500 ரூபா. அதற்குக் கிடைத்தவை: ஒரு பெட்டி ராட்டை, ஒரு கிலோ 'நாட்டுப் பருத்தி', அரைக் கிலோ 'செம்மறி ஆட்டுக் கம்பளி', சனி ஞாயிறு வகுப்பு. பெட்டியின் மூடியில் காந்தியின் படம் ஒட்டியிருந்தது. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் வரை போய், கதருக்காக நிதி திரட்டினார். அந்த மனிதரின் படத்தை ஒட்டி என்ன விற்கிறோம் என்ற கூச்சமாவது இருந்திருக்க வேண்டும்.

வகுப்பில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவர் தன்னுடைய ராட்டையில் நூற்றுக் காட்டினார். எங்கள் பைகளைப் பிரித்து, மேலே இருந்த பஞ்சுத் திரி ஒன்றை எடுத்து எங்கள் கையிலேயே கொடுத்தார். நூல் வந்தது. அத்தனை பேருக்கும் வந்தது. கொஞ்சம் தடிப்பும் மெலிவுமாக, ஆனால் இழுத்தால் தாங்குகிற நூல். அந்தச் சந்தோஷத்தில் யாரும் பையின் அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை. மேல் அடுக்குக்குக் கீழே திரி இல்லை, உதிரிப் பஞ்சு. அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது: "அது நீங்களே திரி போட்டுப் பழகுவதற்காக வைத்திருக்கிறோம், அக்கா."

வீட்டுக்கு வந்து, மேல் அடுக்கில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு அடிப் பஞ்சுக்குப் போன பிறகுதான் தொல்லை தொடங்கியது. உதிரிப் பஞ்சைத் தட்டி, குச்சியில் சுற்றித் திரியாக்கி, ராட்டையில் சுழன்று நூலை முறுக்கும் கம்பியான கதிரில் பிடித்தால், ஒரு விரற்கடை நூல் வரும், பிறகு வழுக்கிப் பிரிந்துவிடும். அறுந்தது என்று சொல்ல முடியாது. அறுந்தால் முனை இருக்கும், ஒட்டலாம். இது கரைந்து போவதைப் போல் கையிலேயே காணாமற்போனது. மடியெல்லாம், மூக்கெல்லாம் பஞ்சு.

அவரை அழைத்தேன். "கை பழகவேண்டும், அக்கா. ஒரே நாளில் வருமா?" என்றார். மறுபடி அழைத்தபோது, "இப்போது கச்சான் காற்று அல்லவா? பஞ்சு உலர்ந்து போயிருக்கும். காற்று தணிந்ததும் பாருங்கள்" என்றார். இந்த இரண்டிலும் பொய் இல்லை என்பதை நூற்கிற எவரும் ஒத்துக்கொள்வார்கள். கை பழகத்தான் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் பருத்தி நூல் கூடுதலாக அறுவதும் உண்மை. ஈரப்பதம் இருந்தால்தான் பருத்திக்குப் பலம், வாடை மாதங்களில் நூற்பது இலகு. முழுப் பொய் சொல்கிறவரை அன்றைக்கே பிடித்துவிடலாம். இவர் தொழிலின் உண்மைகளை எடுத்துத் தன் பைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பழகுகிறவர் பஞ்சைச் சந்தேகிக்க மாட்டார், தன் விரல்களைத்தான் சந்தேகிப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பையோடு நேரில் போனபோது அவர் செய்ததுதான் உச்சம். தீப்பெட்டியை எடுத்தார். ஒரு கிள்ளுப் பஞ்சைக் கொளுத்தினார். சட்டென்று பற்றியது, கடதாசி எரிகிற மணம், மிஞ்சியது ஊதினால் பறக்கிற சாம்பல். "பொலியெஸ்டர் என்றால் உருகிக் கட்டியாகும், அக்கா. இது சுத்தமான இயற்கைப் பஞ்சு. நீங்களே பார்த்தீர்கள்" என்றார். பார்த்தேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

அந்தத் தீக்குச்சிச் சோதனையை இணையத்திலும் பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அது தாவர இழையையும் செயற்கை இழையையும் பிரித்துக் காட்டும். அவ்வளவுதான். பருத்தி, இலவம், வாழைநார் எல்லாமே கடதாசி போலத்தான் எரியும். எந்தத் தாவரம் என்று நெருப்புச் சொல்லாது.

எந்தத் தாவரம் என்று எனக்குச் சொன்னவர் நகரத்தில் மெத்தை தைக்கிற ஓர் ஐயா. வேறொரு வேலையாகப் போனபோது பையையும் கொண்டுபோயிருந்தேன். கையை உள்ளே விட்ட உடனேயே, "இது இலவம் பஞ்சு அல்லவா, பிள்ளை? இதை யார் நூற்கச் சொன்னது?" என்றார். பையின் அடியைத் துழாவி, தூளோடு சேர்த்துச் சில விதைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிளகைப் போல உருண்டை, கறுப்பு, வழவழப்பு, ஒரு நார்கூட ஒட்டியிருக்கவில்லை. பருத்தியில் இழை விதையின் தோலிலிருந்தே முளைக்கிறது. பருத்திக்கொட்டையைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் குறுமயிர் ஒட்டியிருக்கும், ஒரு முனை கூராக இருக்கும். இலவில் இழை காயின் உட்சுவரிலிருந்து வருகிறது. விதை சும்மா நடுவில் கிடக்கும், தட்டினாலே உதிர்ந்துவிடும்.

நூல் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பருத்தி இழை காய்க்குள் இருக்கும்வரை ஒரு குழாய். காய் வெடித்து உலரும்போது அந்தக் குழாய் சப்பையாகித் தனக்குத்தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குகளினால்தான் ஓர் இழை அடுத்த இழையைப் பற்றிக்கொள்கிறது. இலவம் இழை உலர்ந்த பிறகும் நேரான குழாயாகவே இருக்கும். உள்ளே காற்று, வெளியே மெழுகு, நீளமும் குறைவு. எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றிலிருந்து ஒன்று நழுவும். ஆலைகளில் பருத்தியோடு கலந்து நூற்பதுண்டு. வீட்டு ராட்டையில் தனியே நூற்க முனைந்தால் பத்து வருடம் கை பழகினாலும் நூல் வராது. தலையணைக்கும் மெத்தைக்கும் அது அருமையான பஞ்சு. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்ததும் இதைத்தான். துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு அதை நாட்டுப் பருத்தி என்று வாங்கி வந்திருக்கிறோம்.

தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரியாதா என்று என் மச்சாள் கேட்டாள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இலவம் மிதக்கும் என்பது சரி. ஆனால் அவிக்காத பருத்தியிலும் இயற்கை மெழுகு இருப்பதால் அதுவும் முதலில் மிதக்கும். வாங்குகிற இடத்திலேயே செய்யக்கூடியது விரற்சோதனை. ஒரு சிறு கிள்ளை எடுத்து, ஒரு கையால் மெல்ல இழுத்துக்கொண்டே மறுகையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரே பக்கமாக முறுக்குங்கள். பருத்தியென்றால் கிழவியானாலும் குழந்தையானாலும் விரலிடையில் ஓர் அங்குல நூலாவது பிடிக்கும், சுண்டினால் தாங்கும். இலவம் நூலாகாமல் இழுத்த இழுப்புக்குப் பிரிந்து வந்துவிடும். வெளிச்சத்தில் பார்த்தால் பட்டு மினுக்கமும் இலேசான மஞ்சளும் தெரியும்.

கம்பளிக்கு வருகிறேன். இதை அவர் கொளுத்திக் காட்டவே இல்லை. நான் காட்டினேன், வீட்டு முற்றத்தில், குறட்டால் பிடித்து. சுருங்கி உருகிச் சொட்டியது, கறுப்புப் புகை வந்தது, ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத மணி. உண்மையான கம்பளி எரியும்போது மயிர் கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். கையில் இருந்தது பொம்மைக்கு அடைக்கிற செயற்கைப் பஞ்சு. இவ்வளவு வெளிப்படையான திருட்டு என்பதால் இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

ராட்டையைச் சோதிக்கிற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. பெட்டி ராட்டையில் பெரிய சக்கரம் சிறிய சக்கரத்தை ஓட்டுகிறது, சிறிய சக்கரம் கதிரை ஓட்டுகிறது. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் கதிர் பற்பல சுற்றுச் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் நூல் கதிரின் நுனியிலிருந்து நழுவி விழும்போது ஒரு முறுக்கு ஏறும். ஆகவே நுனி கூராகவும் கதிர் நூலிழைகூடக் கோணாமலும் இருக்க வேண்டும். வளைந்த கதிர் சுற்றுக்கு ஒரு தடவை நூலை வெட்டி இழுக்கும், நல்ல பருத்தியே அறுந்துபோகும். கதிரைக் கழற்றி, அதில் உள்ள சிறு கப்பியை மேசை விளிம்புக்கு வெளியே விட்டு, தண்டை மட்டும் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். நேரான கதிர் சத்தமில்லாமல் ஓடும். என்னுடையது டக், டக் என்று தட்டிக்கொண்டே போனது. சக்கரத்தின் அச்சுத் துளையும் ஆடியது. தேக்கு என்று சொன்ன மரத்தை நகத்தால் கீறியபோது வர்ணத்துக்குக் கீழே பெட்டி அடிக்கிற வெள்ளைப் பலகை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். குரல் செய்தியில் பதில் வந்தது: "பிரித்துப் பாவித்த பையை நான் எப்படி எடுப்பது, அக்கா? வேண்டுமானால் வேறு பை தருகிறேன்." வேறு பையிலும் இதே அடுக்கு இருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வேண்டாம் என்றேன். அதன் பிறகு அழைப்பை எடுப்பதில்லை.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். தொலைபேசியில் விவரம் கேட்க அழைக்க வேண்டிய இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவர் துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார். பொருளின் பெயரோடு, 'பருத்தி', 'கம்பளி' என்ற சொற்களோடு எழுதி வாங்குங்கள். என் கையில் அந்தச் சொற்கள் இருப்பது அவருடைய வாட்ஸ்அப் விளம்பரத்தில் மட்டுமே. நல்லவேளை, அதை அழிக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நூற்கும் ஆசையையே விட்டுவிடாதீர்கள். பெட்டி ராட்டையை முதலில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிரான ஒரு தக்ளி போதும். சைக்கிள் திருத்துகிறவரிடம் ஒரு நேரான கம்பியை வாங்கி, நுனியை அராவிக் கொக்கியாக வளைத்து, கீழ்ப்பக்கம் சிறு உலோகத் தட்டொன்றைப் பொருத்தினால் தக்ளி தயார். 15, 20 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரமான கதிரைத் தொங்கவிட்டு நூற்பது நீண்ட கம்பளி இழைக்குச் சரி, பருத்தியின் குட்டை இழை தாங்காது. தக்ளியின் அடி நுனியைச் சிரட்டைக்குள் ஊன்றிச் சுழற்றினால் பாரம் நூலில் ஏறாது. நான் இப்போது நூற்பது அப்படித்தான், பையின் மேல் அடுக்கிலிருந்து மிச்சம் வைத்த நல்ல பருத்தியில். கை பழகத்தான் செய்கிறது.

வகுப்பில் என்னோடு இருந்த இருவர் தங்கள் விரல்களுக்கு இந்தப் பிறவியில் நூல் வராது என்று முடிவுகட்டி, ராட்டையை அலமாரிக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். போய்ப் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். அதே மேல் அடுக்கு, அதே அடிப் பஞ்சு, அதே கறுப்பு விதைகள். அவர்களும் முறைப்பாடு எழுதுகிறார்கள். நீங்களும் வாங்கியிருந்தால் பையையோ மிச்சப் பஞ்சையோ வீசிவிட வேண்டாம், விதைகளைத் தனியே பொதிந்து வையுங்கள், மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். அடுத்த வகுப்பு உப்புவெளிப் பக்கம் என்று விளம்பரம் வந்திருக்கிறது. போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அவருடைய ராட்டையிலேயே நூற்றுக் காட்டச் சொல்லுங்கள்.