இலையுதிர்காலத்து மேசைக்கு எந்த சாக்கே?

செப்டம்பர் பிறந்ததும் ஜப்பானிய மதுக்கடைகளில் ஹியாஒரோஷி என்ற சாக்கே (அரிசி மது) வகையின் பாட்டில்கள் வந்து இறங்கிவிடும். மீன்கடைகளில் சன்மா பளபளக்கும் பருவமும் அதுதான். உப்புத் தடவிக் குடலோடு சுட்ட சன்மாவுக்கு, துருவிய முள்ளங்கியும் சுடாச்சி எலுமிச்சையும் பக்கத்துணை. இந்த மீனுக்கு எந்த சாக்கேயை ஊற்றுவது? டைகின்ஜோ, ஹியாஒரோஷி, யமஹாய் என்ற மூன்று வகைகள் போட்டிக்கு நிற்கின்றன.

விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் டைகின்ஜோவைத்தான் எடுப்பார்கள். அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிட்டு, மிஞ்சிய நடுப்பகுதியைக் குளிரில் நிதானமாக நொதிக்கவைத்து எடுப்பது அது. ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் மணம் அதன் பெருமை. ஆனால் தீட்டும்போது போவது தவிடு மட்டுமல்ல, புரதமும் போகிறது. உமாமி எனப்படும், கறிச்சாறு போன்ற ஆழ்ந்த சுவை சாக்கேயில் வருவதற்குப் பெரும் ஆதாரமே அந்தப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள்தான். எனவே சன்மாவின் எண்ணெய்க்கும் குடலின் கசப்புக்கும் முன்னால் டைகின்ஜோ வாசனைத் தண்ணீராகிவிடுகிறது. மட்சுடாகே காளானோடு வைத்தால் இன்னும் மோசம்: இரண்டு வாசனைகளும் முட்டிக்கொள்ளும், காளானுக்குக் கொடுத்த காசு வீண். பெர்சிமன் பழத்தை மசித்த தோஃபுவில் பிசைந்த ஷிராஆஎ போன்ற குளிர்ந்த முன்னுணவுக்கு மட்டும் 10 டிகிரியில் ஒரு சிறு கிண்ணம் டைகின்ஜோ அழகு.

ஹியாஒரோஷி வேறு குணம். குளிர்காலத்தில் வடித்ததை வசந்தத்தில் ஒருமுறை சூடாக்கி, கோடை முழுவதும் தொட்டியில் முதிரவிடுகிறார்கள். வெளியே வெயில் தணிந்து தொட்டியின் குளிர்ச்சிக்குச் சமமாகும்போது, வழக்கமான இரண்டாம் சூடாக்கல் இல்லாமலே பாட்டிலில் அடைப்பது பழைய முறை. புது சாக்கேயின் முரட்டுத்தனம் போய், சுவை உருண்டு திரண்டிருக்கும். கோபே அருகே உள்ள நாடாவின் கடினநீரில் வடித்தவை இப்படி இலையுதிர்காலத்தில் மேம்படுவதற்குப் பேர்போனவை. தேநீர்க்குடுவையில் மட்சுடாகேயை ஆவியில் வேகவைக்கும் டோபின்முஷிக்கு 15 டிகிரி அளவில் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. சன்மாவோடும் சண்டையில்லாமல் போகும்.

சண்டையில்லாமல் போனால் போதுமா? எனக்குப் போதாது. சன்மாவுக்கு என் ஓட்டு சூடான யமஹாய்க்கே. நொதிக்கூழில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், இயல்பான நுண்ணுயிரிகளே அதை உண்டாக்கும்வரை காத்திருக்கும் முறை இது. நாள் கூடுதலாகும், புளிப்பும் கனமும் கூடும். 45 டிகிரிக்குச் சூடாக்கினால் உமாமி விரிகிறது, புளிப்பு மீன் எண்ணெயை வழித்துக்கொண்டு போகிறது, குடலின் கசப்புகூட ருசியாகிவிடுகிறது. தெற்கே திரும்பும் கொழுத்த சூரையை இஞ்சி பூண்டோடு பரிமாறும்போதும் இதுவே கைகொடுக்கும். மணம் நாசூக்கற்றது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குளிராகக் குடித்தால் அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

சூடாக்குவதற்கு அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். கொதித்த நீரை இறக்கி, அதில் டொக்குரிக் குடுவையைச் சில நிமிடம் நிறுத்தினால் போதும். திறந்த பாட்டிலைப் பொறுத்தவரை, ஒருமுறையே சூடாக்கிய ஹியாஒரோஷியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடியுங்கள். டைகின்ஜோவின் மணமும் வெகுநாள் நிற்காது. யமஹாய் அவசரப்படுத்தாது.