எஸ்எஸ்டி போட்டதாகச் சொல்லிப் பழைய டிஸ்க்கையே திருப்பிக் கொடுத்தார்கள்

பினாங்கு லெபோ பசாரில் மாமா மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். பில் போடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். தீபாவளி நெருங்க நெருங்க ஒரு பில் பதிவாகப் பத்து நொடி பிடித்தது. மூன்று கவுண்டரிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு ஐடி நிறுவனத்தைக் கூப்பிட்டோம். டிஸ்க் பழசு, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட வேண்டும் என்று 3,800 வெள்ளி வாங்கி, சர்வரை இரண்டு நாள் எடுத்துப் போனார்கள்.

கொண்டுவந்ததும் டேட்டா எழுதும் டிடி கட்டளையை ஓட்டி 1 ஜிபி ஃபைல் எழுதிக் காட்டினார்கள். நொடிக்கு 1.9 ஜிபி! பில்லும் சட்டென்று விழுந்தது. நான் அங்கேயே மடக்கியிருக்க வேண்டும். டிஸ்க்கைச் சர்வரோடு இணைக்கும் சாட்டா கேபிளில் எந்த எஸ்எஸ்டியும் நொடிக்கு 600 எம்பியைத் தாண்டாது. 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 1 ஜிபி ஃபைல் முதலில் ரேமில்தான் போய் உட்காரும். அவர்கள் காட்டியது ரேமில் இருக்கும் லினக்ஸ் கேஷின் வேகம், டிஸ்க்கின் வேகம் இல்லை. ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் பழையபடி இழுத்தது. கேட்டதற்கு, உங்கள் மென்பொருள் சரியில்லை என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து இடி மழையில் கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. மறுநாள் வாடிக்கைக்கார அண்ணன் ஒருவர் பில்லோடு வந்து, அரிசி ஒரு மூட்டை குறைகிறது என்றார். அந்த எண்ணைத் தட்டினால் கணினியில் வேறொருவர் பெயர். அவருடைய பதிவே அழிந்து, அதே எண் இன்னொருவருக்குப் போயிருந்தது. மாமா அவர் சொல்லை நம்பி மூட்டையைக் கொடுத்தார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். பில்களைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற அமைப்பு 1 ஆக இருந்ததை 0 ஆக்கியிருந்தார்கள். 1 என்றால் பில் டிஸ்க்கில் இறங்கிய பிறகே முடிந்ததாகக் கணக்கு. 0 என்றால் நொடிக்கு ஒருமுறைதான் இறங்கும். இடையில் கரண்ட் போனால் அந்த நொடியில் போட்ட பில் போச்சு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கின் பாதுகாப்பை எடுத்துவிட்டு, அதை வேகம் என்று விற்றிருக்கிறார்கள். அப்புறம் டிஸ்க்கின் விவரம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினேன். சுழற்சி நிமிடத்துக்கு 7200, ஓடிய நேரம் 41,000 மணி. புது எஸ்எஸ்டி என்று பணம் கொடுத்தது நாலரை வருஷத்துக்கு மேல் சுற்றிய அதே டிஸ்க்குக்கு.

உண்மையான கோளாறு வேறு. 9 ஜிபி டேட்டாபேஸுக்கு, டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் பஃபர் பூல் இயல்பான 128 எம்பியிலேயே கிடந்தது. டிஸ்க்கின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் வாசிப்பிலேயே மூச்சுத் திணறியது. பஃபர் பூலை 10 ஜிபி ஆக்கினேன், அவர்கள் 0 ஆக்கியதை மறுபடி 1 ஆக்கினேன். ரிப்போர்ட் சில நொடியில் வருகிறது. ஒரு சென் செலவில்லை.

நிறுவனம் போனை எடுப்பதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்குத்தான். கடைக்கு வாங்கியது அதில் வராது. யாராவது உங்கள் கடையில் டிடி ஓட்டிக் காட்டினால், கேஷைத் தவிர்க்கும் 'ஓஃப்ளாக் டைரக்ட்' சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஸ்மார்ட்சிடிஎல் திரையைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.