முளைக்காத பல்லுக்கு ரூட் கனால்

பையனுக்கு அப்போது மூன்றரை வயது. சேலத்தில் இருக்கிறோம். அவன் ப்ளே ஸ்கூலில் இலவசப் பல் பரிசோதனை முகாம் என்று ஒரு கிளினிக்கில் இருந்து வந்திருக்கிறார்கள். சாயங்காலம் பையைத் திறந்தால் ஒரு அட்டை. பல் வரிசைப் படம், அதில் ஆறு இடத்தில் சிவப்பு வட்டம், கீழே "உடனே சிகிச்சை தேவை", அதற்கும் கீழே கிளினிக் நம்பர். மற்ற அம்மாக்களிடம் விசாரித்ததில், வட்டம் இல்லாத அட்டை ஒருவருக்குக்கூட வரவில்லை. ஆனால் நான் விசாரித்தது பணம் கட்டி மூன்று வாரம் கழித்து.

அட்டை வருவதற்கு முன்பே எனக்குப் பயம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாகவே ஈறை ஒட்டிக் கண்மை பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. கடைவாய்ப் பல் மேலே கடுகு கடுகாகப் புள்ளி. ஈரத்துணியால் துடைத்தேன், உப்பு தொட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. ராத்திரி அவன் தூங்கின பிறகு போன் லைட்டை அடித்து உதட்டை விலக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தர்மபுரிக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை ஏறும். அவருக்கும் அவர் அக்காவுக்கும் முன்பல்லில் பழுப்புப் பட்டைகள். கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்ததே 2013-ல்தான். அதற்குள் இவர் படிப்பு முடித்து வேலைக்கே போயாகிவிட்டது. "அப்பனோட பல்லு அப்படியே வந்திருக்கு" என்று அத்தை ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப் பயந்து போனவளிடம்தான் அந்தக் கிளினிக்கில் வாய்க்குள் விடும் சின்னக் கேமராவைக் காட்டினார்கள். கடுகளவு புள்ளி சுவரில் இருந்த டிவியில் கிணறு மாதிரி தெரிந்தது. "பாருங்கம்மா, உள்ளே சொத்தை ஓடிடுச்சு. இன்னும் ஒரு மாசம் விட்டா நரம்புக்குப் போயிடும்." நான் கணவர் பல்லைப் பற்றிச் சொன்னேன். "ஆமா, பரம்பரையும் இருக்கு" என்று டாக்டர் அதையும் சேர்த்துக்கொண்டார். மொத்தம் எட்டு நிமிடம் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கேட்டதற்கு, குழந்தை ஒத்துழைக்க மாட்டான் என்றார்.

பிறகு டாக்டர் போய்விட்டார், ஒரு பெண் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். நான்கு ரூட் கனால், நான்கு கேப், இரண்டு ஃபில்லிங், முன்பல்லுக்கு ஒயிட்டனிங். 46,000 ரூபாய். இன்றைக்கே புக் செய்தால் 38,000. இஎம்ஐ உண்டு. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி கேட்கிற மாதிரியே இருந்தது, இருந்தும் 15,000 அட்வான்ஸ் கட்டினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "குழந்தை பல்லு போயிடும்ங்க" என்று அழுதது எனக்கே நினைவிருக்கிறது.

முதல் சிட்டிங்கில் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா இருந்தால் குழந்தை அதிகம் அழுமாம். நாற்பது நிமிடம் அவன் கத்தின கத்தல் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்திருக்கிறார்கள். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைக் குடைந்து ஃபில்லிங் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து பிரஷ்ஷைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

அடுத்த சிட்டிங்குக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் டாக்டர் தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அயர்ன் சிரப் ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு?"

இரண்டரை மாதம். அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஹீமோகுளோபின் 8.9 இருந்தது, இவன் வயதில் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. கோடு வந்து இரண்டு மாதம், சிரப் ஆரம்பித்து இரண்டரை மாதம். சிரப்பில் இருந்த இரும்பு பல் மேல் படிந்த கறைதான் அது. இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. கிளினிக்கில் ஒருவர்கூட, குழந்தை ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா என்று கேட்கவும் இல்லை.

அவரே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்த மேடம் ஒருவர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கால் மணி நேரம் என்னிடம் பேசினார். கறை எப்போது வந்தது? பல் முளைக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா? எந்தத் தண்ணீர் குடிக்கிறான்? கீழே விழுந்து பல்லில் அடிபட்டதா? ராத்திரி பால் பாட்டில் உண்டா? அவன் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு பஞ்சால் பல்லைத் துடைத்து, முனை மழுங்கின கருவியால் அந்தக் கறுப்பின் மேல் மெதுவாகத் தடவிக் காட்டினார். பள்ளம் இல்லை, வழவழவென்று போனது. சுழலும் சின்ன பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துப் பத்து நிமிடம் பாலிஷ் செய்தார். கோடு போய்விட்டது. எனக்கு நிம்மதியா கோபமா என்று தெரியவில்லை.

ஃபுளோரைடு விஷயத்தையும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். ஃபுளோரைடு அளவுக்கு மீறிப் பல் கறையாவதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர்; அது பரம்பரை நோயே இல்லை, தண்ணீரால் வருவது. ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே போர் தண்ணீரைக் குடிப்பதால் பரம்பரை மாதிரி தெரிகிறது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே அந்தக் கறை ஏறிவிடும். முளைக்கும்போதே இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பால் பற்களின் பெரும்பகுதி வயிற்றில் இருக்கும்போதும் முதல் வருடத்திலும் உருவாகிவிடுவதால் நிலைத்த பற்களில்தான் அது அதிகம். முளைத்து இரண்டு வருடம் வெள்ளையாக இருந்த பல்லில் திடீரென்று வந்த கறுப்பு ஃபுளோரோசிஸாக இருக்க முடியாது. தண்ணீர் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

அப்புறம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவின மாதிரி மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்ததும்தான் தெரிந்தது. "இதைத்தான் நீங்க பயந்து பார்த்திருக்கணும்" என்றார். சொத்தை ஆரம்பிப்பது இப்படித்தானாம், வெள்ளையாக. விட்டால் பழுப்பாகி உடையும். காரணம் நான் கொடுத்த ராத்திரிப் பால் பாட்டில். இந்தக் கட்டத்தில் குடைய வேண்டியதில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, இரண்டு வேளை பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டில் துலக்கினால் மேற்கொண்டு பரவாமல் நிறுத்தலாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு போதும். கிளினிக் அட்டையில் இந்த முன்பற்களுக்கு வட்டம் இல்லை. பட்டியலிலும் அவற்றுக்கு எழுதியிருந்தது ஒயிட்டனிங்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பாப்பாவுக்குச் சொத்தைப் பல் எல்லாம் கரிக்கட்டையாக இருந்தது. அவள் அம்மா நிதானமாக இருந்தார். சொத்தையை நிறுத்த வெள்ளி கலந்த மருந்து ஒன்று பூசுவார்களாம், பூசினால் சொத்தை இருக்கும் இடம் கறுத்துவிடும், முதலிலேயே சொல்லித்தான் செய்வார்கள். எனக்கு அந்த நாள் முழுக்க நிறமே குழம்பிப் போனது.

கிளினிக் கொடுத்த பட்டியலை நீட்டினேன். மேடம் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். ரூட் கனால் செய்ய வேண்டிய பற்களில் 36, 46 என்று எண் போட்டிருந்தது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கில் பால் பற்களுக்கு 51-லிருந்து 85-க்குள்தான் எண் வரும். 36-ம் 46-ம் கீழ்த் தாடையின் நிலைத்த கடைவாய்ப் பற்கள், ஆறு வயது வாக்கில் முளைப்பவை. "இது இன்னும் வெளியவே வரலையேம்மா" என்றார். யாருக்கோ அடித்த பட்டியலில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

குடைந்து அடைத்த அந்த ஒரு பல்லில் உண்மையிலேயே சொத்தை இருந்ததா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றுவிட்டார். எக்ஸ்ரே இருந்திருந்தால் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், குழந்தை பல்லைக் குடைவதற்கு முன்னால் எக்ஸ்ரே படம் கேளுங்கள், சிகிச்சையைப் பல்லின் எண்ணோடு, ஒவ்வொன்றுக்கும் விலையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த 51 முதல் 85 கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அன்றைக்கே கட்டினால்தான் தள்ளுபடி என்றால், எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வாரத்தில் எந்தப் பல்லும் ஓடிப்போகாது. முகம் வீங்கியிருந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ மட்டும் அன்றே போக வேண்டும்; அப்போதும் வேறு இடத்துக்கு.

இன்னொன்று. கறை வருகிறது என்று அயர்ன் சிரப்பை நிறுத்திவிடாதீர்கள். அத்தை நிறுத்தச் சொன்னார், நான் கேட்டிருந்தால் குழந்தைதான் வாடியிருப்பான். டிராப்பரில் நாக்கின் பின்பக்கம் விட வேண்டும், வளர்ந்த பிள்ளை என்றால் ஸ்ட்ரா, உடனே வாய் கொப்பளிப்பு. பாலோடு கலக்கக் கூடாது.

பணம்? 15,000-ல் ஃபில்லிங், கிளீனிங், "கன்சல்டேஷன்" என்று கழித்துக்கொண்டு 4,000 தருகிறேன் என்றார்கள். ரசீதில் எந்தப் பல், என்ன சிகிச்சை என்று ஒரு வரி இல்லை, மொத்தத் தொகை மட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். கட்டின தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மனு நடப்பதால்தான் கிளினிக் பெயரை எழுதவில்லை; யாரும் கேட்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் பூசப் போகிறோம். நாற்காலியைப் பார்த்ததும் பையன் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். அதற்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது. முதலில் அவன் அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆ காட்ட வேண்டும். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடப் பல்லைக் காட்டாத மனுஷன், அங்கே நாலு பேர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.