ஸ்கிராட்ச்: பிளாக்கின் வடிவமே இலக்கணம்

அரைப்புள்ளியை மறந்ததால் நிரல் ஓடாமல் போவது ஸ்கிராட்சில் நடக்காது. எம்ஐடி மீடியா ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்த நிரல்மொழியில், பிளாக் எனும் கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித்தான் நிரல் எழுதுகிறோம்; இலக்கணம் பிளாக்கின் உருவத்திலேயே இருக்கிறது. உண்மையா பொய்யா என்று சொல்லும் பிளாக் அறுகோணம். எண்ணையோ எழுத்தையோ தருவதற்கு முனைகள் உருண்டிருக்கும். நிபந்தனையைச் சோதிக்கும் ‘இஃப்’ பிளாக்கின் அறுகோணக் குழியில் எண்ணை வைக்கப் போனால் உட்காராது. எனவே மிஞ்சும் பிழையெல்லாம் யோசனையில் உள்ள பிழை. எத்தனை நாள் பயன்படுத்தினாலும் சலிக்காததற்கு இதுவே முதல் காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே கைவைக்க முடிவது இன்னொரு சுகம். தாவும் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேகம்’ என்ற மாறிக்கு (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) 12 கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவு மேலே நகர்த்தி, பிறகு வேகத்தில் 1 குறைத்தால் உச்சி 78 புள்ளி. நிறுத்தாமலே 12-ஐ 15 ஆக்கினால் அடுத்த தாவல் 120 புள்ளிக்குப் போகும். ஸ்கிராட்சின் காட்சித் திரையான 360 புள்ளி உயர மேடையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இறங்கும்போது கால் தரைக்குள் புதையும், ஏனென்றால் கடைசிச் சுற்றில் ஒரே அசைவில் பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கிவிடுகிறது. தரையைத் தொடுவது நிற்கும் வரை ஒவ்வொரு புள்ளியாக மேலே தூக்கிவிட்டு, வேகத்தை 0 ஆக்க வேண்டும்.

இடம் வலம் நகர்த்த ‘வென் கீ பிரெஸ்டு’ பிளாக்கை நம்பாதீர்கள். விசையை அழுத்திப் பிடித்தால் ஒருமுறை நகர்ந்து, சற்றுத் தயங்கி, அதன்பிறகே தொடரும். அது விசைப்பலகையின் இயல்பு. முடிவில்லாமல் சுற்றும் ‘ஃபாரெவர்’ பிளாக்கின் உள்ளே ‘இஃப்’ வைத்து விசையைச் சோதித்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

அதிகம் தலைவலி தருவது குளோன்கள்தான், அதாவது ஓடும்போதே உண்டாகும் பாத்திர நகல்கள். ஒரு செய்தியை எல்லோருக்கும் பிராட்காஸ்ட் செய்து, அதைப் பெறும் ஸ்பிரைட் (பாத்திரம்) தன்னைக் குளோன் செய்யும்படி எழுதினால், பிறந்த குளோன்களும் அடுத்த முறை அதே செய்தியைக் கேட்கும். இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகி, எட்டாவது செய்தியில் 255 குளோன்கள். ஒன்பதாவதில் 300 என்ற உச்சவரம்பைத் தொட்டதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புதியவை பிறப்பது நின்றுவிடும். குளோன் உண்டாக்கும் வேலையை மேடைக்கோ, குளோன் ஆகாத வேறொரு ஸ்பிரைட்டுக்கோ கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. மாறியை உண்டாக்கும்போது ‘ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி’ தேர்வு செய்யவும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் எல்லா எதிரிகளுக்கும் ஒரே உயிர்க்கணக்கு. ஒன்றை அடித்தால் எல்லாம் சாகும்.

பேனாவால் ஒரு புள்ளி நகர்ந்து ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்து வட்டம் வரைந்தால் 12 விநாடி ஆகிறது, திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால். அதையே ‘மை பிளாக்ஸ்’ பகுதியில் சொந்த பிளாக்காக்கி, ‘ரன் வித்அவுட் ஸ்கிரீன் ரிஃப்ரெஷ்’ பெட்டியில் டிக் போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் முழு வட்டமும் வந்துவிடும்.

சொந்த பிளாக் விடையைத் திருப்பித் தராது என்பது உண்மையான குறை. ‘விடை’ என்று ஒரு மாறி வைத்து அதில் எழுதிப் படிக்க வேண்டியிருக்கிறது. தன்னையே அழைக்கும் பிளாக்கில் உள் அழைப்பு அந்த மாறியின் பழைய மதிப்பை அழித்துவிடும். அப்போது ஒரு லிஸ்டை அடுக்காகப் பயன்படுத்தி, மேலே சேர்த்து மேலிருந்தே எடுங்கள். லிஸ்டில் வரிசை எண் 0-இல் அல்ல, 1-இல் தொடங்கும்.